நிரந்தர முகவரி என்ற கட்டம்

1

இன்று காலை திருப்பதியிலிருந்து என் வக்கீல் அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. உள்ளே மேல்முறையீட்டு மனு, வக்காலத்து, உறுதிமொழிப் பத்திரம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார். முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தை மட்டும் தட்டச்சு செய்யாமல் விட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அது 'மனுதாரரின் நிரந்தர முகவரி' என்ற கட்டம்.

என் மகள் தாரிணி இங்கே திரும்பி வந்திருக்க வேண்டிய விமானச் சீட்டின் தேதிக்கு இன்றோடு இரண்டு வருஷம். போகும்போது அவளுக்கு எட்டு வயது. இப்போது பத்தரை. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் அதற்கு ஓர் ஆவண எண் கொடுத்திருக்கிறார்கள்.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கெடு. இன்னும் எட்டு நாள் பாக்கி. உறையைப் பிரித்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

2

நான் ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஊர் நகரி, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தமிழும் தெலுங்கும் கலந்த ஊர். படித்தது திருப்பதியில். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு நானும் என் கணவர் பாஸ்கரும் இங்கே வந்தோம். வந்த முதல் வாரத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது: பத்து வருஷம், அப்புறம் ஊர். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் வீட்டில் எல்லாம் இந்தப் பேச்சு உண்டு. பத்து பதினைந்தாகும், பதினைந்து இருபதாகும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஊருக்குப் போகும்போது மட்டும் "எப்ப வந்து செட்டில் ஆவப்போறீங்க?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். "இதோ, இன்னும் ரெண்டு வருஷம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம்.

அந்தப் பேச்சை நம்பித்தான் திருப்பதியில், அலிபிரி பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். அடுத்த நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் அந்த ஃபிளாட்டின் முகவரிதான். பாஸ்போர்ட், வங்கி, தாரிணி பிறந்தபோது தூதரகத்தில் கொடுத்த விண்ணப்பம், எல்லாவற்றிலும். அங்கே நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு மாதம்கூட இருந்ததில்லை. ஆனாலும் அதை எழுதும்போது மனசுக்கு ஒரு தெம்பு. இந்த நாடு ஒருநாள் போ என்று சொன்னால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற தெம்பு.

இதைப் படிக்கும் நீங்கள் வெளியூரில் இருந்தால், உங்கள் பைலைத் திறந்து பாருங்கள். நீங்களும் இதையேதான் எழுதியிருப்பீர்கள்.

3

தாரிணிக்குத் தமிழ் வரவில்லை என்பது என் கவலை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊரில் என் தம்பி குமார் போனில் கூப்பிட்டால், "மாமா, நான் சாப்பிடு, நீ சாப்பிடு" என்பாள். அவன் சிரிப்பான். எனக்கு உள்ளே குத்தும்.

பாஸ்கரின் வேலை ஒப்பந்தம் முடிந்த சமயத்தில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ஆறு மாதம் அவர் தாரிணியோடு திருப்பதியில் இருக்கட்டும். பக்கத்திலேயே அவருடைய அக்கா இருக்கிறார். குழந்தை தமிழ் பேசப் பழகிக்கொண்டு வரட்டும். இங்கே பள்ளியில் அரையாண்டு விடுப்பு வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டு பேருக்கும் போகவர டிக்கெட் எடுத்தேன். கொண்டுபோய் விட நானும் இரண்டு வாரம் கூடப் போனேன்.

திருப்பதியில் ஒரு பள்ளியில் சேர்க்கப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆறு மாசத்துக்கா? அது எல்லாம் குதரது மேடம். பர்மனன்ட்டா வந்துட்டோம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. லேகுண்ட்டே சீட் இவ்வரு."

இப்படி எழுதாவிட்டால் இடம் கிடைக்காது. எழுதினால் யாருக்கு நஷ்டம்? பேனாவை வாங்கி நானே எழுதினேன். நாங்கள் குடும்பத்தோடு நிரந்தரமாக இந்தியா திரும்பிவிட்டோம், இனி குழந்தை கீழ்க்கண்ட முகவரியில் வசிப்பாள் என்று. பாஸ்கர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது மாதம், டிக்கெட் தேதிக்கு மூன்று நாள் முன்பு, போன் செய்தார்.

"நாங்க வரலை, சுமதி."

4

அதுவரை என் வாழ்க்கையில் நான் நீதிமன்றத்துக்குள் போனது இல்லை. கோர்ட் என்றால் ஒரு கட்டடம், அங்கே போய் நடந்ததைச் சொன்னால் கேட்டு நியாயம் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எந்தக் கோர்ட் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்பதிலேயே ஒரு மனுஷியின் இரண்டு வருஷம் போய்விடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கே லைப்சிக்கில் கீழ்க்கோர்ட்டிலேயே குடும்ப வழக்குகளுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. மேடை கிடையாது. ஒரு நீள மேசை. குழந்தைக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை நீதிபதியே நியமித்தார். நான் பேசும்போது ஓரிடத்தில், "போன கோடையில் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தோம்" என்றேன். நீதிபதி நிறுத்தினார். "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார். வந்த நாளிலிருந்து ஊரைத்தான் நான் வீடு என்று ஜெர்மனிலும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடுமாறி, "விடுமுறைக்கு, இந்தியாவுக்கு" என்று திருத்தினேன். எழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

அவர்கள் விமானச் சீட்டைப் பார்த்தார்கள். போகவர எடுத்த சீட்டு, ஆகவே தற்காலிகப் பயணம். குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கே என்று மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. அதை முத்திரையோடு வாங்கி, மொழிபெயர்த்து, அதற்கும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். ரேணிகுண்டாவில் இறங்கியதும் குமாரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

5

குமார் சொன்னான்: "நம்ம ஜில்லாவுக்கு சித்தூருதானேக்கா பெரிய கோர்ட்டு? நேரா அங்க போய்டலாம். பெருசுகிட்ட போனா சின்னது எல்லாம் கேக்கும்."

சித்தூர் போனோம். வராண்டா வராண்டாவாக அலைந்தோம். கடைசியில் கட்டுக் கட்டாகத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒருவர் என் தாளை வாங்கினார். ஜெர்மன் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாப்ப எக்கடுந்தம்மா?"

"திருப்பதியில."

"அயிதே அக்கடே." பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "நீங்க எங்க பொறந்தீங்கன்றது கணக்கு இல்லம்மா. நீங்க எங்க வேலை செய்றீங்கன்றதும் கணக்கு இல்ல. புள்ள எந்த ஊர்ல தூங்கி எந்திரிக்குதோ, அந்த ஊரு கோர்ட்டு."

சட்டப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

திருப்பதியில் வக்கீல் ரேவதி கிடைத்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த உத்தரவைக் காட்டினால் போலீஸ் குழந்தையைக் கூட்டி வந்து கொடுத்துவிடுமா?" என்பது.

"அம்மா, ரேணிகுண்டா ஸ்டேஷன் பாத்துக்கீறீங்க இல்ல? எத்தன பிளாட்பாரம்? மெட்ராஸ் வண்டி ஒண்ணுல, குண்டக்கல் வண்டி ஒண்ணுல. தப்பான பிளாட்பாரத்துல எவ்ளோ நேரம் நின்னாலும் உங்க வண்டி வராது. அடிதடி, திருட்டுன்னா மாஜிஸ்ட்ரேட்டு. கொலைன்னா செஷன்ஸ். நிலம், வரப்புன்னா சிவில் ஜட்ஜ். புருஷன், பொண்டாட்டி, புள்ளைன்னா பேமிலி கோர்ட்டு. அப்பன் புள்ளைய வெச்சிக்கினு இருந்தா அது திருட்டு இல்ல. போலீஸ் கை வெக்காது."

"அப்ப இந்த உத்தரவு?"

"உங்க ஊர்ல அது உத்தரவு. இங்க அது ஒரு காகிதம். ஜட்ஜ் படிப்பாங்க, மரியாதை குடுப்பாங்க, ஓரமா வெப்பாங்க. புள்ளைக்கு எது நல்லதுன்னு இங்க மொதல்லேருந்து பாப்பாங்க."

பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு ஒன்று இருக்கிறது, அது ஐகோர்ட்டு, அதையும் போட்டுப் பார்க்கலாம் என்றார். எனக்கு அவசரம். போடச் சொன்னேன். அமராவதியில் ஏழு மாதம் போனது. இரண்டு நீதிபதிகள் பொறுமையாகவே கேட்டார்கள். தகப்பனிடம் வளர்கிற குழந்தையைச் சட்டவிரோதக் காவலில் இருப்பதாகச் சொல்ல முடியாது, குழந்தையின் நலனைச் சாட்சிகளை வைத்து ஆராய வேண்டும், அதற்கான இடம் குடும்ப நீதிமன்றம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. அந்த ஏழு மாதத்தில் தாரிணி ஒரு வகுப்பு முடித்து அடுத்த வகுப்புக்குப் போயிருந்தாள்.

பிறகு திருப்பதி. கையில் சேர்த்துவைத்த விடுப்பை எல்லாம் வாய்தாவுக்கு வாய்தா செலவழித்தேன். நான் வரும் நாளில் நீதிபதி விடுப்பில் இருப்பார், இல்லையென்றால் எதிர்த் தரப்பு அவகாசம் கேட்கும். வராண்டாவில் அன்றைய வழக்குகளின் பட்டியலை ஒட்டியிருப்பார்கள். எங்கள் வழக்கு எண்ணின் நேரே என் பெயரும் பாஸ்கர் பெயரும், நடுவில் எதிராக என்ற ஒரு சொல். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து அச்சில் பார்த்தது அங்கேதான்.

குமார் சமாதானம் சொல்வான். "எதுக்கும் மலைக்குப் போய் ஒரு மொட்ட போட்டுக்கினு வாக்கா. ஜட்ஜம்மா பாத்தா மனசு எளகும்."

"நீ போட்டுக்க."

"எனக்கு இன்னா இருக்குது போட்டுக்க?" என்று வழுக்கையைத் தடவினான். அந்த இரண்டு வருஷத்தில் நான் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

6

ஒரு வாய்தா நாளில், வராண்டா மூலையில் பாஸ்கர் நேருக்கு நேர் வந்துவிட்டார். இளைத்திருந்தார். இரண்டு பேருமே நகரவில்லை.

"டீ குடிக்கிறியா?"

"என் புள்ளைய குடுங்க, போதும்."

"நான் உன் புள்ளைய திருடிக்கினு வரல, சுமதி. பத்து வருஷம்னு பேசினோமா இல்லியா? பத்து மேலயே ஆச்சி. நான் வந்துட்டேன். நீதான் வரல."

"அது சும்மா பேசிக்கினது. எல்லாரும்தான் பேசறாங்க."

"உனுக்கு சும்மா. நான் நாள எண்ணிக்கினு இருந்தேன். அந்த ஊர்ல ஒரு நாளு எனுக்கு ஒடம்பு சூடு ஆனது இல்ல. நீ வா. ஃபிளாட்டு உன் பேர்லயும்தானே கீது. கதவ யாரு சாத்தினாங்க?"

லைப்சிக்கில் நான் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். திருப்பதியில் நான் யார்? திரும்பிப் போனால் எந்தக் கூடத்தில் வேலை, யார் கீழே? இந்தப் பதின்மூன்று வருஷத்தில் நான் ஆகியிருக்கிற ஆளுக்கு அங்கே இடம் இல்லை. அதை அந்த வராண்டாவில் சொல்ல முடியவில்லை. டவாலி எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். உள்ளே போனோம்.

அன்றுதான் எனக்குக் குறுக்கு விசாரணை. எதிர் வக்கீல் வயதானவர். குரல் உயர்த்தவே இல்லை. பள்ளியில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஈ சைன் மீதேனா அம்மா?"

"ஆமா."

"எழுத்தும் உங்களுது?"

"ஆமா."

"நிரந்தரமா திரும்பிட்டோம்னு எழுதிக்கிறீங்க. இது நெஜமா?"

"இல்ல. அப்படி எழுதினாத்தான் சீட்டுன்னு சொன்னாங்க."

"அப்ப ஸ்கூலுக்கு பொய் எழுதிக் குடுத்தீங்க." என் பதில் பதிவாகும் வரை காத்திருந்தார். "இந்தக் கோர்ட்டுல நீங்க போட்ட மனு, மொத பக்கம். நிரந்தர முகவரின்னு இன்னா எழுதிக்குது? படிங்கம்மா."

படித்தேன். அலிபிரி ஃபிளாட்டின் முகவரி. பழக்கத்தில் நானே ரேவதிக்குச் சொல்லி அடிக்க வைத்தது. நேர் கீழே எதிர்மனுதாரரின் முகவரி. கதவு எண்வரை அதேதான்.

"இதுவும் பொய்யா, இல்ல இது மட்டும் நெஜமா?"

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க எப்பவாவது திரும்பி வர உத்தேசம் உண்டாம்மா?"

உண்டு என்றால் குழந்தையை ஏன் இப்போது அங்கே இழுக்க வேண்டும்? இல்லை என்றால் இத்தனை வருஷமாக எழுதியது எல்லாம் என்ன? "தெரியலம்மா" என்றேன். அதை அப்படியே தட்டச்சு செய்தார்கள்.

7

அடுத்த வாய்தாவில் நீதிபதியம்மா தாரிணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். வழக்கின் முறை அது. நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே அவள் சரளமாகத் தெலுங்கு பேசுவது கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. ஒருமுறை சிரித்தாள்.

அதற்குப் பின் அரைமணி நேரம் அவளோடு இருக்க எனக்கு அனுமதி. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். கையில் நீதிபதியம்மா கொடுத்த சாக்லேட். உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"நீ துன்னும்மா. நான் அப்பவே துன்ட்டேன்."

நான் கேட்ட தமிழ் வந்திருந்தது. நான் நினைத்ததைவிட அழகாக, நகரித் தெருவில் பிறந்தவள் போல. ஏதோ ஆசையில் ஜெர்மனில் ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தேன். உன் சைக்கிளை இன்னும் வைத்திருக்கிறேன் என்று. புரிந்துகொண்டாள். பதில் தமிழில் வந்தது.

"அது இப்ப எனுக்கு சின்னதா பூடும்மா."

உள்ளே நடந்ததைக் குழந்தையிடம் கேட்கக் கூடாது என்று ரேவதி எச்சரித்திருந்தார். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"யார்கூட இருக்கணும்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. ரெண்டு பேர்கூடவும்னு சொன்னேன். அம்மா இங்க வந்துக்கினே இருக்காங்கன்னு சொன்னேன்."

"யாரு சொன்னாங்க உனுக்கு?"

"நீதான். ஸ்கூல் லெட்டர்ல எழுதிக் குடுத்தியே. அத்தை காட்டினாங்க. உன் கையெழுத்து எனுக்குத் தெரியாதா?" சாக்லேட் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "நாங்க எல்லாரும் வந்துட்டோம்னு போட்டுக்குது. நைனா வந்துட்டாரு. நான் வந்துட்டேன். நீ எப்பம்மா வர?"

வரேன் என்று சொல்லியிருக்கலாம். வரமாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான், "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன்.

8

தீர்ப்பு போன மாதம் வந்தது. குழந்தை தகப்பனிடம் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் தாயிடம். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசலாம். தாய் இந்தியா திரும்பி நிலைகொண்டால், அப்போது மீண்டும் மனு செய்யத் தடையில்லை. பதினோராவது பத்தியில் என் நிரந்தர முகவரியை மேற்கோள் காட்டியிருந்தார்கள். கடுமையான ஒரு சொல்கூட அந்தத் தீர்ப்பில் இல்லை. அதனால்தான் இன்னும் என்னால் அதை இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

என் வேலை, ரத்த மாதிரிகள் வருகிற கண்ணாடிக் குழாய்களைச் சரிபார்ப்பது. பெயரும் விவரமும் ஒட்டாத குழாயைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இன்று ஒன்று அப்படி வந்தது. யாரோ ஒரு குழந்தையுடையது, சின்னக் குழாய். கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருக்கிறேன். கூட வேலை செய்கிறவள் வந்து தோளைத் தொட்டாள்.

மதிய இடைவேளையில் ரேவதிக்குப் போன் செய்தேன்.

"அந்தக் கட்டத்த காலியா உட்டுட்டா இன்னா?"

"ஆபீஸ்ல ரிட்டர்ன் போட்டுடுவாங்கம்மா. திருப்பி சரி பண்ணி அனுப்ப நமக்கு நாள் இல்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. மறுபடி திருப்பதி அட்ரஸ் எழுதிடாதீங்க. அத எழுதினா நமக்குக் கேஸே கெடையாது. என் வீடு ஜெர்மனின்னு நீங்களே எழுதணும். உங்க கையால."

"வேற வழி இல்லியா?"

"வேற வழி இருக்குது. அத ஜட்ஜம்மா தீர்ப்புலயே சொல்லிட்டாங்க இல்ல?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்தேன். பென்சில் குறி போட்ட இடங்களில் எல்லாம் முதலில் கையெழுத்துப் போட்டு முடித்தேன். பிறகு அந்த வட்டத்துக்கு வந்தேன். தெருப் பெயர், கதவு எண், அஞ்சல் எண், லைப்சிக், ஜெர்மனி. தற்போதைய முகவரியில் இருந்ததையே மறுபடியும் எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் திருப்பதி என்று எழுதாதது இதுதான் முதல் தடவை.

மை காய்ந்ததும் உறையை ஒட்டினேன். நாளைக் காலை கூரியரில் போகும். மனு பதிவானதும் அதன் நகல் ஒன்று எதிர்மனுதாரருக்குப் போகும். அதுவும் முறைதான். அலிபிரி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் யாராவது அதைப் பிரித்து வைப்பார்கள். என் கையெழுத்து தாரிணிக்குத் தெரியும். எப்ப வர என்று அவள் கேட்டதற்கான பதில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.